வலியறிந்து ஓடுதல்



தமிழில் 'வலி' என்னும் சொல் ஒன்று; பொருள் இரண்டு. பழைய நூல்களில் அது பெரும்பாலும் ஆற்றலைக் குறிக்கும். இன்றைய வழக்கிலோ நோவைக் குறிக்கும். திருக்குறளின் 48ஆம் அதிகாரத்திற்கு 'வலியறிதல்' என்று பெயர். அங்கே வலி என்பது வலிமை. ஒரு வினையில் இறங்குமுன் அவ்வினையின் வலிமை, தன் வலிமை, எதிர்ப்போரின் வலிமை, துணை நிற்போரின் வலிமை ஆகிய நான்கையும் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்னும் கருத்தோடு அவ்வதிகாரம் தொடங்குகிறது. அரசர்க்கென வகுத்த அறிவுரை அது. ஆயினும், வாழ்வில் முதன்முறையாக நெடுந்தூர ஓட்டத்திற்கு ஆயத்தமாகும் ஒருவர்க்கு, அதிலும் காலில் சிறு நோவு கண்டு கலங்கி நிற்கும் ஒருவர்க்கு, இதனினும் பொருத்தமான அளவுகோல் கிடைப்பது அரிது. ஆற்றலாகிய வலியையும் நோவாகிய வலியையும் ஒருங்கே அறிதல் எப்படி என்பதே இவ்வுரையின் பொருள்.

சென்னையிலும் கோவையிலும் ஆண்டுதோறும் நெடுந்தூர ஓட்டங்கள் நடைபெறுகின்றன. 10 கிலோமீட்டர் ஓட்டம், 21.1 கிலோமீட்டர் கொண்ட அரை மாரத்தான், 42.195 கிலோமீட்டர் கொண்ட முழு மாரத்தான் எனத் தொலைவுகள் பலவாகும். பள்ளி நாளில் விளையாட்டுத் திடலை எட்டியும் பாராதவர்கள் நாற்பதைக் கடந்தபின் ஓடத் தொடங்குவது இன்று வியப்பன்று.

எடுத்துக்காட்டாக ஒருவரைக் கற்பனை செய்துகொள்க. வயது 44. அலுவலகப் பணியும் இல்லப் பணியும் உடைய பெண்மணி. அரை மாரத்தான் ஓட விரும்பிப் பெயர் பதிந்து, 16 வாரப் பயிற்சியைத் தொடங்குகிறார். முதலில் தெருமுனை வரை ஓடினாலே மூச்சு வாங்கியது. பத்தாவது வாரத்தில் 14 கிலோமீட்டரை எட்டிவிட்டார். அந்த வாரத்தில்தான் இடது முழங்காலுக்குக் கீழே, கணைக்கால் எலும்பின் உட்பக்கத்தில், ஒரு நோவு தோன்றுகிறது. ஓடத் தொடங்கும்போது வருகிறது. உடல் சூடேறியபின் மறைகிறது. மறுநாள் காலையில் மீண்டும் எட்டிப் பார்க்கிறது. இன்னும் ஆறு வாரங்களே உள்ளன. பணம் கட்டியாயிற்று. உற்றார் உறவினர்க்கெல்லாம் சொல்லியாயிற்று. பிள்ளைகள் ஆவலோடு நாளை எண்ணுகின்றனர். அவர் ஓடுவதா, ஓய்வதா?

செயலின் வலிமை

ஓடும்போது ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஆயிரம் அடிகள் வைக்க வேண்டியிருக்கும். ஒவ்வோர் அடியிலும் தரையில் ஊன்றும் காலின்மேல் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு சுமை விழுகிறது. 60 கிலோ எடையுள்ளவரின் கால் ஒவ்வொரு முறையும் 120 முதல் 180 கிலோ வரை தாங்குகிறது. அரை மாரத்தானில் இது இருபதாயிரம் முறைக்கு மேல் நிகழ்கிறது. ஒரே ஓர் அடியால் எவர்க்கும் எலும்பு நோவதில்லை. அடிகளின் தொகையே நோவைத் தருகிறது. மிக மெல்லிய பொருளாயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என அதே அதிகாரம் ஓர் உவமை காட்டுவதும் இதற்கு இசைந்ததேயாகும்.

இங்கே புதிதாக ஓடுவோர் அறியவேண்டிய உண்மை ஒன்றுண்டு. நெஞ்சும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பயிற்சிக்குப் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் அவ்வாறு விரைந்து பழகுவதில்லை. அவற்றுக்குப் பல மாதங்கள் வேண்டும். எலும்பு சுமையை ஏற்கும்போது முதலில் தன் பழைய பகுதிகளைச் சிறிது கரைத்துக்கொண்டு, பின்னர்ப் புதிய பகுதிகளைக் கட்டுகிறது. கரைத்தல் விரைவில் நடக்கும். கட்டுதல் மெல்ல நடக்கும். இடையில் உள்ள நாள்களில் எலும்பு சற்றே தளர்ந்திருக்கும். மூச்சு எளிதாகிவிட்டது என்று மகிழ்ந்து தொலைவையும் விரைவையும் ஒருசேரக் கூட்டுவது பெரும்பாலும் இந்தத் தளர்ந்த நாள்களில்தான். எனவே, பத்தாவது வாரத்தில் அப்பெண்மணிக்கு வந்த நோவு தீயூழ் அன்று. மூச்சு முன்னே செல்ல, எலும்பு பின்தங்கியதன் அறிவிப்பு அது.

தன் வலிமை

தன் வலிமையை அறிதல் என்பது தன் வயதையும் எடையையும் மட்டும் அறிதல் அன்று. இரவில் எத்தனை மணி நேர உறக்கம் கிடைக்கிறது, பகலில் எவ்வளவு நேரம் நின்று பணிபுரிய வேண்டியுள்ளது, முன்பு எப்போதேனும் அதே காலில் அடிபட்டதா என்பனவெல்லாம் அதில் அடங்கும். சேதமுற்ற திசுக்கள் சீராவதற்கு ஓய்வும் உறக்கமும் இன்றியமையாதன. ஐந்து மணி நேரம் உறங்கிவிட்டு விடியலில் 14 கிலோமீட்டர் ஓடுபவர், கட்டுமானத்திற்கு நேரம் தராமல் மேலும் மேலும் இடித்துக்கொண்டிருக்கிறார்.

உணவும் அவ்வாறே. ஓடத் தொடங்கியதும் எடை குறையட்டும் என்று உணவைச் சுருக்குவோர் பலர். பயிற்சிக்குத் தேவையான உணவு போதாதபோது எலும்பின் வலுவும் குறையும்; பெண்களுக்கு மாதவிலக்கின் ஒழுங்கு மாறுவது அதன் அடையாளங்களுள் ஒன்று. பருப்பு வகைகள், பால், தயிர், கேழ்வரகு, எள், கீரை ஆகியவை நம் இல்லங்களில் புதியன அல்ல. அளவு போதுமா என்பதையே பார்க்க வேண்டும். கதிர் மறையுமுன் உண்டு முடிக்கும் வழக்கமுள்ள இல்லத்தார், மறுநாள் விடியலில் நெடுந்தூரம் ஓடுவதாயின், முந்தைய மாலையின் உணவையும் நீரையும் அதற்கேற்பத் திட்டமிட வேண்டும். உண்ணாநோன்பு நாளில் நீண்ட ஓட்டத்தை வைத்துக்கொள்ளலாகாது.

காலணியைப் பற்றியும் ஒரு சொல். 1966ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓட விண்ணப்பித்த பாபி கிப் என்னும் பெண்ணுக்கு, பெண்களின் உடல் அத்தொலைவைத் தாங்காது என்று மறுப்பு வந்தது. அவர் தொடக்கக் கோட்டுக்கு அருகே புதரில் மறைந்திருந்து, ஆண்களின் கூட்டத்தில் கலந்து, 3 மணி 21 நிமிடத்தில் ஓடி முடித்தார். பெண்களுக்கென ஓட்டக் காலணி கிடைக்காத காலம் அது. சிறுவர்க்கான புதுக் காலணியை அணிந்து ஓடியதால், கடைசி மைல்களில் பாதங்கள் கொப்பளித்து அவர் பெரிதும் துன்புற்றார். உலகம் தடுத்ததை வென்றவரையும் புதுச் செருப்பு கடிக்கத்தான் செய்தது. ஓட்ட நாளுக்கெனப் புதுக் காலணி வாங்கி வைத்திருப்போர் இதனை நினைவிற் கொள்க. பல வாரம் பழகிய காலணியே அந்நாளில் துணையாகும்.

எதிரியின் வலிமை

நெடுந்தூர ஓட்டத்தில் எதிரி உடன் ஓடுபவர் அல்லர். காலில் தோன்றிய நோவும், தலைக்கு மேலுள்ள வெயிலும், உள்ளே இருக்கும் அவசரமும் ஆகிய மூன்றுமே எதிரிகள்.

நோவுகளில் பொறுக்கத்தக்கன உண்டு; பொறுக்கலாகாதன உண்டு. காலையில் படுக்கையை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலின் அடியில் குத்தி, நடக்க நடக்கக் குறைவது பாதத்தின் அடிச்சவ்வு நோவு. படிக்கட்டில் இறங்கும்போது முழங்கால் சில்லைச் சுற்றித் தோன்றுவது மற்றொன்று. கணைக்காலின் உட்பக்கம் நெடுகப் பரவலாக நோவது இன்னொன்று. அப்பெண்மணிக்கு வந்தது இதுவே. இவையெல்லாம் சுமையைக் குறைத்தால் பெரும்பாலும் தணியக்கூடியவை.

ஆனால், நோவு ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டும் அளவுக்கு எலும்பின் ஓரிடத்தில் குவிந்தால், ஓய்விலும் இரவிலும் நீடித்தால், வீக்கம் கண்டால், நொண்டி நடக்க வைத்தால், ஒற்றைக் காலில் மெல்லத் துள்ளும்போது சுரீரென்று குத்தினால், அது எலும்பில் ஏற்பட்ட மயிரிழை முறிவாக இருக்கக்கூடும். தொடக்க நாள்களில் எடுக்கும் எக்ஸ்ரே படத்தில் அது தெரியாமலும் போகலாம், எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியும். இவ்வறிகுறிகளுள் ஒன்று தோன்றினாலும் ஓட்டத்தை அன்றே நிறுத்தி மருத்துவரை நாடுதல் வேண்டும். இதில் துணிச்சலுக்கு இடமில்லை.

பொறுக்கத்தக்க நோவை அளக்க எளிய முறை உண்டு. நோவே இல்லாத நிலை 0. தாங்கவொண்ணாத நிலை 10. பயிற்சியின்போது 3ஐத் தாண்டாமலும், மறுநாள் காலையில் பழைய நிலைக்குத் திரும்பியும் இருந்தால் அப்பயிற்சி உடலுக்கு ஏற்றது. மறுநாள் நோவு கூடியிருந்தால் முந்தைய நாளின் அளவு மிகையானது. ஒரு சிறு குறிப்பேட்டில் நாள்தோறும் தொலைவையும் இந்த எண்ணையும் எழுதிவந்தால், இரண்டு வாரங்களில் உடலின் போக்கு தெளிவாகத் தெரியும். நினைவு தனக்கு வேண்டியதையே சொல்லும். குறிப்பேடு நடந்ததைச் சொல்லும்.

நோவை மாத்திரையால் மறைத்து ஓடுவது பெருந்தவறு. தீ அறிவிக்கும் மணியின் நாவைக் கட்டிவிட்டு உறங்கப் போவது போன்றது அது. மேலும், இபுபுரோஃபன் போன்ற நோவடக்கிகளை உட்கொண்டு, வியர்த்து நீரிழந்த நிலையில் நீண்ட நேரம் ஓடினால் சிறுநீரகங்களுக்குத் தீங்கு நேரக்கூடும்.

அவசரம் என்னும் எதிரியின் வலிமையைக் காட்டுவதற்கு உலகறிந்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1984ஆம் ஆண்டு வரை ஒலிம்பிக் போட்டிகளில் பெண்களுக்கு மாரத்தான் இல்லை. 1928இல் ஆம்ஸ்டர்டாமில் வைத்த 800 மீட்டர் ஓட்டத்தையும் பெண்களின் உடல் தாங்காது என்று நீக்கிவிட்டனர்; 1960இல்தான் அது மீண்டும் இடம்பெற்றது. ஆகவே, 1984 ஆகஸ்ட் 5 அன்று லாஸ் ஏஞ்செலஸில் நடந்தது பெண்ணினத்திற்கே முதல் ஒலிம்பிக் மாரத்தான்.

அதில் ஓட விரும்பியவர்களுள் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோன் பெனாய்ட் ஒருவர். முந்தைய ஆண்டு பாஸ்டனில் 2 மணி 22 நிமிடம் 43 நொடியில் ஓடி, அதுவரை எந்தப் பெண்ணும் எட்டாத நேரத்தை எட்டியவர் அவர். 1984 மார்ச்சில் 20 மைல் பயிற்சி ஓட்டத்தின் இடையே அவருடைய வலது முழங்காலில் நோவு தோன்றியது. மருந்தும் ஓய்வும் தணித்தன. ஓடத் தொடங்கியதும் அது திரும்பி வந்தது. ஏப்ரல் 25 அன்று சிறு துளையிட்டுச் செய்யும் அறுவை சிகிச்சை நடந்தது. நாட்டின் அணியைத் தெரிவு செய்யும் ஓட்டமோ மே 12 அன்று. இடையில் 17 நாள்களே இருந்தன.

ஓடவியலாத நாள்களில் அவர் கைகளால் மிதிகளைச் சுழற்றித் தம் நெஞ்சுரத்தைக் காத்துக்கொண்டார். அது அறிவுடைய செயல். ஆனால், ஓடத் தொடங்கியபோது விரைந்து பழைய அளவை எட்ட முயன்றார். நோவுற்ற காலைக் காப்பதற்காக உடல் மற்றொரு காலின்மேல் சாய்ந்தது. அக்காலின் தொடைப் பின்தசை பிடித்துக்கொண்டது. ஒரு காயம் இரண்டாயிற்று. அதற்கும் சிகிச்சை பெற்று, தெரிவு ஓட்டத்தை 2 மணி 31 நிமிடம் 4 நொடியில் வென்றார். அதன்பின் ஒலிம்பிக்குக்கு ஏறத்தாழ 12 வாரங்கள் கிடைத்தன. அங்கே 2 மணி 24 நிமிடம் 52 நொடியில் ஓடி, முதல் ஒலிம்பிக் மகளிர் மாரத்தானின் தங்கத்தை வென்றார்.

இக்கதையைக் கேட்டு, அறுவை முடிந்த மூன்றாவது வாரத்தில் ஓடலாம் என்று எவரும் கருதிவிட வேண்டா. அவர் பல ஆண்டுப் பயிற்சியில் உறுதிப்பட்ட எலும்பும் தசையும் உடையவர். மருத்துவரும் பயிற்சியாளரும் நாள்தோறும் கண்காணித்தனர். அத்தகைய உடலுக்கே அவசரம் இரண்டாவது காயத்தைத் தந்தது என்றால், பத்து வாரம் மட்டுமே ஓடிய உடலுக்கு அது என்ன செய்யும் என்பதே இங்கே கொள்ளத்தக்க பாடம்.

வெயிலின் வலிமையையும் அதே ஓட்டம் காட்டியது. சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸ் வெப்பத் தளர்ச்சியால் உடல் ஒருபுறம் சாய, தள்ளாடியபடி அரங்கத்தின் கடைசிச் சுற்றைக் கடக்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அவர் 37ஆவது இடம் பெற்றார். விரைவில் உடல் தேறினார். அவருடைய உறுதியை உலகம் போற்றியது. ஆனால், அங்கே மருத்துவர்கள் அருகிலேயே நடந்து, அவர்க்கு வியர்க்கிறதா என்று நோக்கிக்கொண்டே வந்தனர் என்பதையும் மறத்தலாகாது. நம் நாட்டு வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் தனியே ஓடுவோர்க்கு அந்தக் காவல் கிடையாது.

துணையின் வலிமை

முதல் துணை மருத்துவர். அடுத்த துணை இயன்முறை மருத்துவர். எத்தசை வலுவிழந்துள்ளது, எவ்வடி பிறழ்கிறது என்று கண்டு பயிற்சி தருபவர் அவர். பாதத்தின் முன்பகுதியில் நின்று குதிகாலை மெல்ல உயர்த்தித் தாழ்த்தும் எளிய பயிற்சியே கெண்டைக்கால் தசையை உறுதிப்படுத்தும். இதற்குக் கருவி வேண்டா; வீட்டுப் படிக்கட்டே போதும்.

மூன்றாவது துணை குடும்பம். இத்துணை சில வேளைகளில் தானறியாமலே எதிரியாகிவிடுவதும் உண்டு. "இந்த வயதில் உனக்கு எதற்கம்மா ஓட்டம்?" என்பது ஒரு குரல். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு விடலாமா? பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிவிடு" என்பது மற்றொரு குரல். முதற்குரல் ஆர்வத்தை முறிக்கும். இரண்டாவது குரல் எலும்பை முறிக்கும். இவ்விரண்டும் வேண்டா. "இன்று கால் எப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு, அவர் ஒரு மணி நேரம் கூடுதலாக உறங்குவதற்காகக் காலை அடுப்பை மற்றொருவர் பார்த்துக்கொள்வதே உண்மையான துணை.

ஆறு வாரம்

இனி, அப்பெண்மணி செய்யத்தக்கது யாது? முதல் வாரம் ஓட்டம் முழுவதும் நிற்கட்டும். மருத்துவர் பார்த்து, எலும்பில் முறிவில்லை என்று உறுதி செய்யட்டும். நோவு தராத நடை, மிதிவண்டி, நீச்சல் ஆகியவற்றுள் இயன்றதைச் செய்யட்டும். ஒரு வார ஓய்வால் பத்து வார உழைப்பு வீணாகிவிடும் என்னும் அச்சம் வேண்டா. அவ்வளவில் குறையும் ஆற்றல் மிகச் சிறிது, விரைவில் மீளக்கூடியது.

நோவின்றி 45 நிமிடம் நடக்கவும் ஒற்றைக் காலில் நோவின்றித் துள்ளவும் முடிந்தபின், இரண்டாம் வாரத்தில் சமதரையில் ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று மாறி மாறிச் செல்லலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். மூன்றாம், நான்காம் வாரங்களில் நடையைக் குறைத்து ஓட்டத்தைக் கூட்டலாம், விரைவைக் கூட்டலாகாது. நான்காம் வார இறுதியே முடிவெடுக்கும் நாள். அன்று ஓட்டமும் நடையுமாக 10 கிலோமீட்டரை நோவு 3ஐத் தாண்டாமல் கடந்து, மறுநாள் காலையிலும் கால் அமைதியாக இருந்தால் ஐந்தாம் வாரத்தில் 14 கிலோமீட்டரை முயலலாம். ஆறாம் வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறைத்து உடலை ஆறவிட வேண்டும். ஓட்ட நாளிலும் தொடக்கத்திலிருந்தே நடையும் ஓட்டமுமாகச் செல்வது நன்று. தளர்ந்தபின் நடப்பது வேறு. தளராமலிருக்க நடப்பது வேறு.

நான்காம் வார இறுதியில் கால் அமைதியாக இல்லையெனில், விதி இடம் தந்தால் 10 கிலோமீட்டர் ஓட்டத்திற்கு மாறலாம். அதுவும் இயலாதெனில் அவ்வாண்டு விலகிவிடலாம். இம்முடிவை ஓட்டத்திற்கு முந்தைய இரவில் எடுக்கக்கூடாது. அன்று ஆசையே பேசும், கால் பேசாது. இரண்டு வாரங்களுக்கு முன்பே, குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எடுக்க வேண்டும். ஓடும்போது நடுவழியில் நோவு மிகுந்து, நடையின் இயல்பே மாறுமானால், எத்தனை கிலோமீட்டர் எஞ்சியிருந்தாலும் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

நிற்பதைத் தோல்வி என்று கருதும் பழக்கம் பள்ளித் திடலில் தொடங்குகிறது. முதலில் வந்தவர்க்குக் கைதட்டுகிறோம். பாதியில் நின்றவரை யாரும் ஏன் நின்றாய் என்று கூடக் கேட்பதில்லை. ஆனால், 44 வயதில் ஓடத் தொடங்கியவர் ஓடவேண்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் அன்று. ஐம்பதிலும் அறுபதிலும் படியேறவும், பேரப்பிள்ளைகளைத் தூக்கவும், பிறர் கையை எதிர்பாராமல் நடமாடவும் அவருக்கு அந்தக் கால்களே வேண்டும். மயிரிழை முறிவை முழு முறிவாக்கிக்கொண்டு பெறும் பதக்கத்தைவிட, ஓராண்டு பொறுத்திருந்து நலத்தோடு ஓடும் ஓட்டம் மேலானது. அடுத்த அதிகாரத்திற்குக் 'காலமறிதல்' என்று பெயர் இருப்பதையும் நினைவிற் கொள்க. வலியறிந்தவர்க்கே காலமும் தெரியும்.

ஆற்றலை வளர்ப்பது பயிற்சியின் ஒரு பாதி. நோவின் மொழியைக் கேட்டு, அதற்கேற்பக் குறைக்கவும் நிறுத்தவும் மீண்டும் தொடங்கவும் பழகுவது மறுபாதி. அவையில் உள்ளோர் எவரேனும் அடுத்த ஆண்டு முதல் ஓட்டத்திற்குப் பெயர் பதிவாராயின், அன்றே ஒரு குறிப்பேட்டையும் வாங்கிவிடுக. அனைவரும் நல்ல கால்களோடு நெடுநாள் நடக்கவும் ஓடவும் வாழ்த்துகள்.